தலையில் கட்டிய மதராஸ்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நாட்டியச் சாமான் விற்கும் கடைகளில், சலங்கைக்கும் நெற்றிச்சுட்டிக்கும் நடுவே ஆணியில் சவுரி தொங்கும். மார்கழி நெருங்கினால் ஆணி போதாது. அக்கா மகளின் அரங்கேற்றத்துக்காக ஒன்று வாங்கப் போயிருந்தேன். “ஒரிஜினலா நைலானாக்கா?” என்றார் கடைக்காரர். ஒரிஜினல் என்று அவர் எடுத்துப் போட்டது கையில் கனத்தது. நுனி செம்பட்டை பாய்ந்திருந்தது. எங்கோ ஒரு பெண் பல வருடம் எண்ணெய் தடவி, வெயிலில் அலைந்து, ஏதோ வேண்டுதலுக்காக இறக்கிக் கொடுத்த முடி. இதைவிட நீளமாக இல்லையா என்று கேட்டதற்கு, “நீளமானதெல்லாம் இங்க நிக்காதுக்கா. எக்ஸ்போர்ட்டு. ஆப்பிரிக்காக்காரங்க, லண்டன்ல அமெரிக்காவுல இருக்கிற கறுப்பு ஜனங்க, அவங்கதான் நல்ல விலை குடுப்பாங்க” என்றார்.

சவுரியோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கட்டுரை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கர்கள் உலகெங்கும் சிதறிய கதையைப் படிக்கும்போது நம் கண் அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதில்லை. ஐரோப்பியத் துறைமுகம், மேற்கு ஆப்பிரிக்கக் கரை, அமெரிக்கக் கரும்புத் தோட்டம் என்று முக்கோணம் போட்டுக் காட்டுவார்கள். பால் கில்ராய் 1993இல் வெளியிட்ட ‘பிளாக் அட்லாண்டிக்’ நூல், கப்பலையே அந்தப் பண்பாட்டின் குறியீடாக வைத்தது. ஒரே மண்ணில் வேர் தேடாமல், கடல்வழியே கொடுத்தும் வாங்கியும் உருவான அடையாளம் என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் அந்தக் கப்பலில் ஏறிய மூட்டையை அவிழ்த்தால் கதை வங்கக்கடல் கரைக்கு வந்துவிடும். மூட்டையில் இருந்தது நம் ஊர்த் துணி. இன்று பெட்டியில் போவது நம் ஊர் முடி. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் கறுப்பினப் பெண்களின் தலை.

‘புலம்பெயர்ந்தோர்’ என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்லாண்டிக் கடலில் மட்டும் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தவர்கள் ஒரு கோடியே ஏழு லட்சம் பேர். மிச்சம் கடலில் போனது. அதைப் பெயர்ச்சி என்று எழுதக் கை கூசுகிறது.

முதலில் துணி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே 1639இல் மதராஸப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. அலை புரட்டியெடுக்கும் வெறும் மணல் கரை. துணி மலிவு என்பதுதான் அவர் சொன்ன பெரிய காரணம். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1734இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைவில் நெசவாளர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். சின்னத்தறிப்பேட்டை. அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இப்போது அங்கே போனால் மீன் மார்க்கெட்டின் வாடை வரும், தறியின் ஓசை வராது.

அந்தத் துணி ஆப்பிரிக்காவுக்குப் போன வழி விசித்திரமானது. இந்தியப் பருத்தித் துணி இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது. கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் தங்கள் பிழைப்பு போகிறது என்று கூச்சல் போட்டார்கள். 1700இலும் 1721இலும் அங்கே சட்டம் வந்தது. அச்சடித்த, சாயமேற்றிய பருத்தித் துணியை உள்நாட்டில் உடுத்தத் தடை. பிரான்ஸ் இன்னும் முந்திக்கொண்டு, 1686 முதல் 1759 வரை தடுத்து வைத்திருந்தது. ஆனால் லண்டனில் இறக்கி, மறுபடி வேறு நாட்டுக்கு ஏற்றுவதற்குத் தடையில்லை. வீட்டில் உடுத்தக் கூடாத துணியைக் கினி கடற்கரைக்கு அனுப்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் மிகப் பெரிய பங்கு துணி. அதில் கணிசமானது இந்தியத் துணி. நெய்தவருக்கு அது எங்கே போகிறது, எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து நாடா எறிந்தவர், பாவுக்குக் கஞ்சி போட்ட அவர் மனைவி, கூலியில் பிடித்தம் செய்த இடைத்தரகர், எல்லோரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

நாம் வெறும் துணி கொடுத்தவர்கள் என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து தமிழரையும் தெலுங்கரையும் அடிமைகளாக வாங்கி ஜாவாவிலிருந்த படேவியாவுக்கு ஏற்றினார்கள். அதே பழவேற்காட்டிலிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு மலாய்க்காரர்கள் இன்றும் ‘பெலிகட்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். ஒரே கரை, ஒரே கப்பல், துணியும் ஆளும்.

வேண்டாத சரக்கை ஆப்பிரிக்கர் தலையில் கட்டினார்கள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுத முடியவில்லை. வாங்கியவர்கள் அவ்வளவு கறார். எந்தக் கரையில் எந்த நிறம், எத்தனை கட்டம் ஓடும் என்பதை ஐரோப்பியத் தரகர்கள் மாய்ந்து மாய்ந்து கடிதம் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிடிக்காத நிறம் வந்தால் திருப்பி அனுப்பினார்கள். புதுச்சேரியின் நீலத்துணிக்குப் பெயரே ‘கினி’. 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்தில் அந்தத் துணி காசாகவே புழங்கியது. ஐரோப்பிய ஆலைகள் போலி செய்து அனுப்பியபோது, தொட்டுப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் ஒதுக்கினார்கள். தாவரச் சாயத்தின் வாசனை இல்லாவிட்டால் அது மதராஸ் இல்லை.

இந்தக் கறார்த்தனத்தின் உச்சம் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள். நம் கட்டம் போட்ட துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘இஞ்சிரி’. வாங்கிய துணியை அப்படியே உடுத்திவிட மாட்டார்கள். பெண்கள் மடியில் விரித்துக்கொண்டு, கட்டத்துக்குள் ஓடும் வெளிறிய நூலை ஊசியால் தூக்கி, பிளேடால் நறுக்கி, உருவி எடுப்பார்கள். ஒரு நூல், அடுத்த நூல், அதற்கடுத்தது. முடிந்ததும் துணியில் சல்லடைக்கண் போல இடைவெளி விழுந்து, அடர்ந்த நிறம் மட்டும் புதுக் கோலமாக நிற்கும். ‘பெலெட்டே பிட்டே’, அதாவது நூல் அறுத்த துணி என்று பெயர். நம் ஊரில் நெசவாளர் ஊடையை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அங்கே ஒரு பெண் அதை ஒவ்வொன்றாக எடுத்தாள். சேர்த்தவருக்கும் எடுத்தவளுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தத் துணி குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும். பெரியவர் இறந்தால் கிடத்தும் அறையையும் கட்டிலையும் அதைக் கொண்டுதான் அலங்கரிப்பார்கள். எந்தக் குடும்பம் எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பெட்டிதான் சாட்சி.

ஜோன் ஐஷர், டோன்யே எரெக்கோசிமா என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பார்த்துத்தான் ஒரு கோட்பாடே வகுத்தார்கள். வெளியிலிருந்து வரும் பொருளை ஒரு சமூகம் முதலில் தேர்ந்தெடுக்கிறது, பிறகு அதற்குப் பெயர் வைக்கிறது, பிறகு தன் வாழ்க்கைச் சடங்கில் இடம் கொடுக்கிறது, கடைசியில் பொருளையே மாற்றிவிடுகிறது. நான்காம் படி முடிந்தால் அது இறக்குமதி இல்லை, சொந்தம். சாயவேரும் அவுரியும் நம்முடையவை என்று உரிமை கொண்டாடப் போனால் கலபாரிப் பாட்டி சிரிப்பாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கரீபியன் தீவுகளில் அடிமைகளாக இருந்தவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. கொடுத்ததை உடுத்த வேண்டும். அப்படியும் 1770களில் டொமினிக்காவில் ஓவியம் வரைந்த அகோஸ்தினோ புருனியாஸின் படங்களில் கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் கட்டம் போட்ட துணியை விதவிதமாகத் தலையில் சுற்றி நிமிர்ந்து நிற்கிறார்கள். ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786இல் கவர்னர் மிரோ ஓர் உத்தரவு போட்டார். ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள், சுதந்திரமானவர்களாக இருந்தாலும், தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு வெளியே வரக் கூடாது, துணியால் மூட வேண்டும். வெள்ளைக்காரச் சீமாட்டிகளைவிட அழகாகத் தெரிந்தது குற்றம். அந்தப் பெண்கள் சரி என்று மூடினார்கள். எதைக் கொண்டு மூடினார்கள் என்பதுதான் விஷயம். கிடைத்ததிலேயே பளிச்சென்ற மதராஸை எடுத்து, உயர்த்திக் கட்டி, அதன் மேல் நகையும் இறகும் செருகிக்கொண்டார்கள். தண்டனை அலங்காரமாகிவிட்டது.

பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் ‘மத்ராஸ்’ என்றால் ஊர்ப் பெயர் என்பதே பலருக்கு நினைவிருக்காது. அது தலைத்துணியின் பெயர். ஊர் திரும்பும் காதலனை வழியனுப்பும் பெண் பாடுவதாக அமைந்த ‘அத்யூ ஃபுலார், அத்யூ மத்ராஸ்’ என்ற பழைய கிரியோல் பாட்டின் தலைப்பிலேயே அது இருக்கிறது. துணியை வாங்கியதும், மஞ்சள் ஓடும் கட்டங்களின் மேல் கையால் மறுபடி மஞ்சள் தீட்டி, பளபளப்பும் விறைப்பும் ஏற்றுவதற்கென்றே அங்கே தொழில்காரப் பெண்கள் இருந்தார்கள். நூலை எடுத்தவள் கலபாரிப் பெண். நிறத்தைக் கூட்டியவள் மார்த்தினிக் பெண்.

தலைக்கட்டில் நிமிரும் முனைகளுக்கும் பொருள் சொல்வார்கள். ஒரு முனை என்றால் மனசு இன்னும் காலி. இரண்டு என்றால் ஒருவர் இருக்கிறார். மூன்று என்றால் கல்யாணமாகிவிட்டது. நான்கு என்றால் யாருக்கும் இடமுண்டு. சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லிச் சொல்லி இந்தக் கதை கொஞ்சம் மெருகேறியிருக்கும் என்பது என் சந்தேகம். கதவில் போர்டு மாட்டுவதுபோல் எந்த ஊர்ப் பெண்ணும் மனசை இவ்வளவு ஒழுங்காக எண்ணிக்கை போட்டு மாட்டுவதில்லை. ஆனால் துணி பேசும் என்று அவர்கள் நம்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

டொமினிக்காவிலும் செயிண்ட் லூசியாவிலும் இன்று தேசிய உடையே அதுதான். அக்டோபர் கடைசியில் கிரியோல் தினம் வந்தால் பள்ளிக் குழந்தைமுதல் அமைச்சர்வரை மதராஸ் கட்டிக்கொள்கிறார்கள். குவாதலூப்பில் சமையற்காரப் பெண்களின் சங்கம் ஒன்று 1916இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் அந்தப் பெண்கள் மதராஸ் பாவாடை, தலைக்கட்டு, தங்க நகையோடு கூடை சுமந்து ஊர்வலம் போகிறார்கள். ஜமைக்காவில் இதன் சகோதரத் துணிக்கு ‘பண்டானா’ என்று பெயர். அந்த ஊர்ப் பேச்சுமொழியை மேடையேற்றிய கவிஞர் லூயிஸ் பென்னட் அதை உடுத்திக்கொண்டு நின்ற படம்தான் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. இதையெல்லாம் ஏற்காதவர்களும் அங்கேயே உண்டு. எஜமானனுக்குப் பணிந்து சிரிக்கும் வேலைக்காரியின் சீருடையைத் தேசிய உடையாக்கலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அந்தச் சமையற்காரப் பெண்களின் நடையைப் பார்த்தால் அதில் பணிவு தெரியவில்லை என்பதும் நியாயமானதுதான்.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். துணி முன்னே போனது, அதை நெய்த ஊர்க்காரர்கள் நூறு வருடம் பின்னே போனார்கள். பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய கூலிக்குக் கரும்பு வெட்ட மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்காலில் ஆள் பிடித்தார்கள். ‘ஓரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் முதல் தொகுதியை இறக்கியது. அதற்குப் பின் மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரும் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள். கரையில் இறங்கியபோது, தங்கள் பக்கத்துக் கட்டத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, தங்களை வெறுப்போடு பார்க்கும் பெண்களைக் கண்டார்கள்.

வெறுப்புக்குக் காரணம் இருந்தது. கூலியைக் குறைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்குக் கீழே ஒரு படி புதிதாக முளைத்தது. ‘கூலி’ என்ற நம் சொல் அங்கே வசைச்சொல்லானது. நாய் தின்கிற கூலி என்று கிரியோலில் ஒரு சொல்வழக்கே உண்டு. நாம் மேடையில் பேசுகிற ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் இந்தியர்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது.

ஆனால் அடுப்படியும் கோவிலும் வழக்குமன்றத்துக்குக் காத்திருக்கவில்லை. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு போட்டு அரைத்த பொடியில் செய்யும் ‘கொலொம்போ’ இன்று அந்தத் தீவுகளின் பொதுச் சாப்பாடு. கறுப்பர் வீட்டு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். பெயர் இலங்கைத் தலைநகரிலிருந்து வந்தது என்பார்கள். குழம்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. எனக்குக் குழம்புப் பக்கம்தான் சாய்வு. மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’. நாகூர் ஆண்டவர் ‘நாகுர்மீரா’. கடலில் காப்பாற்றியவர் என்பதால் அம்மன் கோவில் வளாகத்திலேயே அவருக்கு உயரமான கொடிமரம். தப்பு அடித்து, ஆடு வெட்டி, சாமி வந்து ஆடும்போது, கூட்டத்தில் கறுப்பின மக்களும் நிற்கிறார்கள், நேர்த்திக்கடன் வைக்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் இந்தக் கலப்பு காதிலேயே கேட்கும். மலகாசியரும் ஆப்பிரிக்கரும் கரும்புக்காட்டில் பாடிய ‘மலோயா’வை யுனெஸ்கோ 2009இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே தமிழ் வழியினரை ‘மலபார்’ என்பார்கள். அவர்கள் கோவில் மேளம் ‘தப்பு’, ‘சட்டி’, ‘மத்தளம்’. பெயர்களைத் தமிழர் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம். தெருக்கூத்து அங்கே ‘நார்ல்கோன்’ ஆகிவிட்டது. நாடகம் என்ற சொல் கிரியோல் நாக்கில் உருண்ட உருவம். தாத்தா ஒரு பக்கம் மொசாம்பிக், பாட்டி ஒரு பக்கம் தஞ்சாவூர் என்று இருப்பவர்கள் அங்கே ஏராளம். வாரத்தில் ஞாயிறு தேவாலயம், தைப்பூசத்துக்குக் காவடி.

இந்த இடத்தில்தான் மயிலாப்பூர் மறுபடி உள்ளே வருகிறது. 1970களுக்குப் பிறகு இந்தத் தீவுகளில் வேர் தேடும் அலை கிளம்பியது. கறுப்பர்கள் ஆப்பிரிக்காவைத் தேடினார்கள். அதில் மார்த்தினிக்கின் எமே செசேர் முன்னோடி. தமிழ் வழியினர் சென்னையைத் தேடினார்கள். சென்னை என்ன அனுப்பியது? ஸ்தபதி, ஆகமம் படித்த குருக்கள், பட்டுப்புடவை, பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம். ஆடு வெட்டுவது அநாகரிகம் என்ற கூச்சம். கோபுரம் வண்ணத்தில் எழுந்தது. தப்பு கொஞ்சம் ஓரமாக நகர்ந்தது. போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் ஏரிக்கரைக் கிராமத்துக் கூலிக்காரர்கள். அவர்கள் கொண்டுபோன தமிழ்ப் பண்பாடு தப்பும் கூத்தும் மாரியம்மனும்தான். அதை ஆப்பிரிக்க அண்டைவீட்டாரோடு சேர்ந்து நூற்றைம்பது வருடம் காப்பாற்றி வைத்திருந்தவர்களிடம், இது கலப்படம், அசல் எங்களிடம் இருக்கிறது என்று நாம் ஒரு பெட்டியை அனுப்பினோம். அசல் எது என்று கேட்டால் எனக்கு அந்தத் தப்புதான் அசல். கிரியோல் எழுத்தாளர்கள் மூவர், பெர்னாபே, ஷமுவாசோ, கொன்ஃபியான், 1989இல் ‘கிரியோல் தன்மைக்குப் புகழாரம்’ என்ற அறிக்கையில் ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், ஆசியர் என எதுவும் தனியாக நாங்கள் இல்லை என்று அறிவித்தார்கள். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி கூலி என்ற வசைச்சொல்லையே எடுத்து ‘கூலித்தன்மை’ என்று கொடியாக்கினார். கறுப்பு அடையாளத்தையே பெருமையாக அறிவித்த செசேரின் நெக்ரிட்டியூடுக்கு அது தம்பி.

இனி முடி. அடிமையாகப் பிடித்தவர்களைக் கப்பலேற்றும் முன் தலையை மழித்தார்கள். சுத்தம் என்று காரணம் சொன்னார்கள். எந்தக் குலம், எந்த ஊர், கல்யாணமானவளா என்பதையெல்லாம் பின்னலிலேயே எழுதி வைத்திருந்த மக்களுக்கு அது பெயரை அழித்த மாதிரி. நமக்கோ மொட்டை என்பது கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. தி.நகர் வெங்கடநாராயணா சாலையில் தேவஸ்தானக் கோவில் வாசலில் சந்தனம் பூசிய தலைகளோடு குடும்பம் குடும்பமாக நிற்பவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். திருமலையிலும் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் இறங்கும் அந்த முடி ஏலத்துக்குப் போகிறது. திருமலை தேவஸ்தானத்துக்கு மட்டும் இதில் வருடம் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். தெருவில் “சிக்குமுடி, சவுரிமுடி” என்று கூவி வாங்கிப் போவது அதற்குக் கீழ்த்தரம். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று மாறாமல் கட்டிய கோவில் முடிக்கு வியாபாரத்தில் ‘ரெமி’ என்று பெயர், விலையும் அதற்குத்தான்.

இந்த வியாபாரத்தில் அரசியலும் உண்டு. 1966இல் அமெரிக்கா கம்யூனிச நாட்டு முடிக்குத் தடை போட்டது. சீன முடி நின்றது, இந்திய முடிக்கு வாசல் திறந்தது. அதே வருடங்களில் கறுப்பின இளைஞர்கள் சுருட்டை முடியை அப்படியே வட்டமாக வளர்த்துக்கொண்டு, இதுதான் நாங்கள் என்றார்கள். இரண்டும் ஒரே சமூகத்தில், ஒரே நேரத்தில். நீண்ட நேர்முடி மோகம் அடிமைப் புத்தியா, அல்லது விருப்பமான அலங்காரமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக், தன் சின்ன மகளின் கேள்வியிலிருந்து தொடங்கி 2009இல் எடுத்த ‘குட் ஹேர்’ ஆவணப்படத்துக்காக இந்தியாவுக்கு வந்து மொட்டையடிக்கும் கோவில்களைப் படம் பிடித்தார். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் ‘அமெரிக்கானா’ நாவலில் கதாநாயகி முடி பின்னிக்கொள்ளப் போகும் கடையிலிருந்துதான் கதை விரிகிறது. 2019இல் கலிபோர்னியா, பின்னலையோ சுருட்டையையோ காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. மிரோவின் உத்தரவுக்குப் பதில் வர 233 வருடம் ஆகியிருக்கிறது.

ஆங்கிலம் பேசும் கறுப்பினப் பெண்கள் ஒட்டுமுடியை ‘வீவ்’ என்கிறார்கள், நெசவு. தைத்து இணைக்கும் முடி வரிசைக்கு ‘வெஃப்ட்’, ஊடை. சென்னைப் புறநகரில் முடி தரம்பிரிக்கும் கூடத்துப் பெண்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் தறி நின்றாலும் ஊடை இன்னும் இந்த ஊரிலிருந்தே போகிறது. ஆனால் பெயர் போகவில்லை. பெட்டிமேல் ‘பிரேசிலியன்’, ‘பெருவியன்’ என்று எழுதுகிறார்கள். அது சுருளின் ரகத்தைச் சொல்லும் வியாபாரப் பெயர், பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்திய முடி. எங்கே நெய்தாலும் மதராஸ் என்ற பெயரோடு நிற்கிறது துணி. மதராஸிலேயே பெட்டி கட்டினாலும் வேறு பெயரில் போகிறது முடி.

அங்கிருந்து நமக்கு வந்தது என்ன? சொல்லும் தாளமும். 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தது. 1980களில் அது மதுரைக்கு வந்தது, பிறகு தமிழில் விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. இந்தக் கடன் அதற்கும் பழையது. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’யை அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர்களுக்கே சமர்ப்பணம் செய்தார். அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தாளம் வந்த வழி இன்னும் வளைந்தது. ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ 1994இல் வந்தபோது அது விளையாட்டுப் பாட்டு. தமிழ் ராப் வயதுக்கு வந்தது மலேசியாவில், யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றியது. பிராங்க்ஸ் தெருவில் பிறந்த ராப்பும் வடசென்னைக் கானாவும் பறையும் ஒரே மைக்கில் கேட்டன. பெயரில் இருக்கும் ‘சாதியற்ற’ அயோத்திதாசரிடமிருந்து வந்தது. 2020 டிசம்பரில் அதே மையம் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபா கேண்டீனில் தோசைக்கு வரிசை நிற்கும் அதே மாதம். ரீயூனியனில் நூறு வருடத்துக்கு முன்பே ஆப்பிரிக்க முழவோடு கூடிய தப்பு, தாய்வீட்டில் சபாவுக்கு வெளியே நின்று, ஆப்பிரிக்க வழிவந்த தாளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

நேரில் வருகிறவர்களிடம் நாம் அவ்வளவு நன்றாக நடந்துகொள்வதில்லை. அடையாறு பக்கம் ஐஐடி 2023இல் சான்சிபாரில் கிளை திறந்தது. அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்ட தீவு அது. நல்ல செய்தி. ஆனால் இங்கே படிக்க வரும் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் வீடு தேடும்போது ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற போர்டுக்குப் பின்னால் இன்னொரு போர்டும் இருப்பதைச் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள். என் தெருவிலேயே ஒரு மாமி, “பாவம் நல்ல பசங்கதான், ஆனா பாக்கவே பயமா இருக்கே” என்றார். அவர் பேத்தி அப்போது உள்ளே ராப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதராஸ் என்ற பெயரை இந்த ஊர் 1996இல் கழற்றி வைத்தது. கட்டத் துணி நமக்குக் கைலி, பள்ளிச் சீருடை, அதிகம் போனால் கண்டாங்கியோ ‘பாலும் பழமும்’ கட்டமோ. அமெரிக்காவில் மட்டும் அது ஒருமுறை பெரிய கலாட்டா செய்தது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற நியூயார்க் வியாபாரி இங்கே துணி ஏற்றுமதியாளர் கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலருக்கு வாங்கிப்போன துணி, துவைத்ததும் சாயம் விட்டது. பச்சைத்தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கையை வாங்கியவர்களிடம் அவர் சொல்லவில்லை. வழக்கு வரும் என்று பயந்தவர்கள் கடைசியில் அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறம் நிறத்தோடு கலக்கும், இரண்டு சட்டை ஒன்றுபோல் இருக்காது, சாயம் போவதுதான் அசலுக்கு அடையாளம் என்று. நம்மிடம் சாயம் வெளுத்தது என்றால் வேறு பொருள்.

போன மாதம் தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு துணிக்கடையில் மெட்ராஸ் செக்டு இருக்கிறதா என்று கேட்டேன். “செக்டு சட்டையா மேடம்? செகண்ட் ஃப்ளோர்” என்றார்கள். மேலே ஒரு பையன் எட்டுப் பத்து சட்டையைச் சடசடவென்று விரித்துப் போட்டான். அதில் ஒன்று, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஓடிய கட்டம், குவாதலூப் சமையற்காரப் பெண்களின் தலைக்கட்டே வந்து படுத்த மாதிரி இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கவர் வாசனை. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நினைத்தானோ, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“பயப்படாதீங்க மேடம். எத்தனை தடவ வேணா மெஷின்ல போடுங்க. சாயமே போகாது, கேரண்டி.”